கேட்டு வரைக்கும் ஒரு நடை

டோல்கேட்டிலிருந்து எண்ணூர் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் இரண்டு கன்டெய்னர் லாரி டிரைவர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"சுகர் மாத்திரைக்குக் கீழயே, தினம் அரை மணி நேரம் நடக்கணும்னு டாக்டரம்மா சீட்டுல எழுதிக்கீறாங்க மாமு."

"நீ எங்க நடப்ப? ஹார்பர் கேட்டு லைன்ல நாள்பூரா வண்டிலயே குந்திகினு கீற."

"அங்கதான் நடப்பேன். லைன் நின்னுச்சுன்னா எறங்கி, கேட்டு வரைக்கும் போயிட்டு வருவேன். எங்க நைனாவுக்கு சுகர்லதான் ஒரு கால எடுத்தாங்க. எனக்கு ரெண்டும் வேணும்."

"திடீர்னு லைன் நகந்தா இன்னா பண்ணுவ? பின்னாடி கீறவன் ஹாரன் அடிச்சே சாவடிப்பான்."

"அடிக்கட்டும். ஓடியாந்து ஏறுவேன். ஓடக்கூடாதுன்னு அந்தம்மா எழுதலையே."