பனிக்கு மாட்டிய சக்கரம்

— ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பி, சாயங்காலம் யாரும் வரவேண்டாம்னு சொல்லிரு தங்கம். பூ வைக்கவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

— என்னங்க சொல்லுதிய? கேசரிக்கு ரவைய வறுத்து எறக்கி வச்சிருக்கேன். தெருவுல அம்புட்டு பேருக்கும் சொல்லியாச்சு. மாப்பிள்ளை போட்டோவப் பாத்துட்டு சிரிப்பியன்னு பாத்தா, மூஞ்சிய இப்படி வச்சிருக்கிய?

— மாப்பிள்ளைய யாரு பாத்தா? நான் சக்கரத்தப் பாத்தேன்.

— சக்கரத்தயா?

— இந்தா, ரெண்டு போட்டோவையும் பக்கத்துல வச்சுப் பாரு. இது ஆடி மாசம் தரகர் கொண்டாந்தது. காரு எப்படி நிக்கி பாத்தியா? பெரிய சக்கரம், வெள்ளியில பூ வேலை செஞ்ச மாதிரி ரிம்மு. இது இன்னைக்குக் காலையில பையனோட அப்பா சுயம்புலிங்கம் அண்ணாச்சி குடுத்துவிட்டது. அதே காரு, அதே மாப்பிள்ளை பொன்னுராஜ். அந்தச் சக்கரம் எங்க?

— இருக்கே. கறுப்பா, உருண்டையா.

— சக்கரம் உருண்டையாத்தான்ட்டி இருக்கும்! ரிம்மப் பாரு. ஒரு சுத்து சின்னது. வெறும் இரும்பு. மேல ஒரு மூடிகூடக் கெடையாது. பூட்ஸு போட்டு வந்தவன் செருப்போட நிக்கான்.

— அதுக்கு?

— அதுக்கா? என்ன சொல்லுதேன்னா, நல்ல சக்கரத்த வித்துட்டான். ஆளு நொடிச்சுப் போயிட்டான். லாரி ஷெட்டுல இம்புட்டு வருசம் குப்பை கொட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா? தேவதானம் சிவனாண்டி புது டயரக் கழத்தி வித்துட்டு தேஞ்சதுக்கு மேல ரப்பரு ஒட்டி பட்டன் போட்ட டயர மாட்டுனான். லாரி நல்லா ஓடுதுன்னு ராஜபாளையமே பேசுச்சு. நான் ஒருத்தந்தான் சொன்னேன், அடுத்த தீவாளிக்கு வண்டி அவங்கிட்ட இருக்காதுன்னு. இருந்துச்சா?

— அமெரிக்காவுல வேலை பாக்குத பையன் எப்படிங்க நொடிச்சுப் போவாரு?

— வேலை போயிருக்கும். வேலைங்கது எங்கயும் போகும்.

— சிரிச்சிட்டு நிக்காரே!

— சிவனாண்டியும் சிரிச்சிட்டுத்தான் நின்னான்.

— பூத்துக்குப் போயி போன் போட்டுக் கேட்டுருவமா?

— என்னன்னு கேக்க? மாப்பிள்ளை, சக்கரத்த வித்துட்டியளான்னா? மானம் போயிரும். ஒரே பிள்ளை. கடல் தாண்டிக் குடுக்குதோம். அங்க அது கஞ்சிக்கு இல்லாம நின்னா நான் எந்த லாரிய எடுத்துட்டுப் போயி கூட்டிட்டு வர?

— ஏட்டி ஜெயா! அங்க கதவுக்குப் பின்னால நிக்கதுக்கு இங்க வந்து நில்லு. உங்க அப்பா சொல்லுதது கேக்கா?

— கேக்கும்மா.

— ஒரு மாசமா உன் வாயில இருந்து சரின்னும் வரல, வேண்டாம்னும் வரல. இப்ப அவரே வேண்டாம்ங்காரு. சந்தோசந்தான உனக்கு?

— சந்தோசம்னு நான் சொன்னேனா?

— பொறவு என்னத்தத்தான் சொன்ன? மனசுல வேற யாரும் இருக்கானா?

— ஒருத்தரும் இல்லம்மா.

— பையனப் பிடிக்கலியா?

— போன்ல அரை மணி நேரம் பேசுனாரு. நல்லாத்தான் பேசுனாரு.

— அப்ப என்னட்டி?

— சொன்னா வைவிய.

— சொல்லாட்டியும் வைவேன்.

— அங்க போயி நான் என்னம்மா செய்ய? பாத்திரம் கழுவ மெசினு, துணி துவைக்க மெசினு. வழி தெரியாட்டா மேப்பு இருக்குங்காரு, பசிச்சா டப்பாவுல சோறு இருக்குங்காரு. என்ன கேட்டாலும் அவர்ட்ட பதில் இருக்கு. எல்லாம் தெரிஞ்ச மனுசன். இங்கன்னா காலையில ஷெட்டுக்குப் போனா நாலு பேரு என்னையத் தேடுவாவ. எந்த வண்டி பஞ்சராகி நிக்கி, எதுக்கு எண்ணெய் மாத்தணும், எல்லாம் என்னயத்தான் கேப்பாவ. அங்க சன்னலச் சாத்திட்டு பனியப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும். யாருக்கும் வேண்டாத ஆளா இருந்துருவனோன்னு பயமா இருக்கும்மா.

— கேட்டியளா? கேட்டியளா உங்க மக பேசுதத? எல்லாம் உங்களால வந்தது. பொட்டப்பிள்ளைய ஷெட்டுக்குள்ள விடாதிய, விடாதியன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பாவாடை கட்டுத வயசுல இவ சந்தனத்த வஞ்சது மறந்துபோச்சா? டிராக்டர் டயரத் திருப்பி மாட்டிட்ட மாமா, டயரு வெட்டுல இருக்குத அம்பு தப்பாப் பாக்குன்னு! தாடி நரைச்ச மெக்கானிக்கு, நடுத்தெருவுல வெக்கிப்போயி நின்னான்.

— அவ சொன்னது சரிதான தங்கம். அந்த டயரோட வயல்ல எறங்கியிருந்தா வண்டி சேத்துல பொதைஞ்சிருக்கும்.

— பெருமை வேறயா! இப்ப பொண்ணு கரை சேரமாட்டேங்கா.

— அதான் நானே வேண்டாம்னு சொல்லிட்டேன்லா. ஆள் அனுப்பு.

— அப்பா, அந்தப் போட்டோவச் செத்த குடுங்க.

— நீ பாத்து என்ன ஆகப்போகுது?

— காலையில இருந்து தெருவே பாத்துருச்சு, நான் இன்னும் பாக்கல. குடுங்க. ம்... அப்பா, இது பழைய டயரா?

— பின்ன?

— கண்ணாடியப் போட்டுப் பாருங்க. டயரு ஓரத்துல என்ன நீட்டிக்கிட்டு நிக்கி?

— எங்க... அட. முடி.

— டயருக்கு முடியா? ஆத்தாடி!

— புது டயர்ல ரப்பரு முடி முடியா நிக்கும் தங்கம். ரோட்டுல ஓடுனா உதுந்துரும்.

— அப்ப இது கடையில இருந்து நேரா வந்த டயருப்பா. நொடிச்சுப்போனவரு புது டயரு வாங்குவாரா?

— வாங்கமாட்டான். ஆனா புது டயரு வாங்குதவன் எதுக்குச் சின்ன ரிம்மு வாங்கணும்? அது இடிக்குல்லா?

— பின்னால பாருங்க. சுவரு மாதிரி குமிஞ்சு கெடக்கே, அது பனி. ஆடி மாசப் போட்டோவுல புல்லு கெடந்துச்சு.

— பனி விழுந்தா ரோட்டுலதான் விழும். சக்கரத்த என்னத்துக்குக் கழத்தணும்?

— அதான் எனக்கும் தெரியல.

— அந்த ஊருக் கூத்து யாருக்குத் தெரியும்? பொன்னுராஜ் அம்மா சொன்னா, பனி கரையணும்னு ரோட்டுல மூடை மூடையா உப்பக் கொட்டுதாவளாம். எம்புட்டு உப்பு! ஒரு ஊறுகாய்க்கு ஆகுமா?

— என்னது? உப்பா? தங்கம், இத ஏன் மொதல்லயே சொல்லல?

— ஊறுகாய்க்கா கேக்கிய?

— ஊறுகாய உடைப்புல போடு! ஏலே சந்தனம், வந்து பாருன்னு கூப்புடணும்போல இருக்கு. ஜெயா, தூத்துக்குடிக்கு உப்பு லோடு ஏத்தப் போவமே, எந்த வண்டிய அனுப்புவோம்?

— பழைய வண்டிய. புது வண்டிய அனுப்புனா அடியெல்லாம் அரிச்சிரும்.

— அம்புட்டுத்தான்! நல்ல ரிம்மு உப்புல அரிக்கும்னு கழத்தி வீட்டுக்குள்ள வச்சிட்டான். அடி வாங்கதுக்கு இரும்பு ரிம்மு. உப்பு லோடுக்குப் பழைய வண்டி! நம்ம தொழில்ல இருக்குத புத்தி அந்தப் பையனுக்கும் இருக்கு.

— அப்ப இரும்பு ரிம்மு போடட்டும். ஏன் சின்னதுப்பா?

— இரு, இரு. இந்த டயரோட பக்கவாட்டுக் கன்னத்தப் பாரு. ரிம்மு சின்னதானாலும் கன்னம் பெருசு. மொத்தத்துல உசரம் ஒண்ணுதான். வண்டி தாழவே இல்ல. ஆனா டயரு ஒல்லி... ஒல்லி எதுக்குப் போடுதான்?

— போன கார்த்திகையில சுந்தரபாண்டியம் கரிசல் ரோட்டுல ஒரு பெரிய காரு மாட்டிக்கிச்சே, அப்பா. தடித் தடி டயரு. மழையில அங்கயும் இங்கயும் வழுக்கிக்கிட்டு நின்னுச்சு. நம்ம கண்ணு முன்னாடியே பால் ஜீப்பு ஒண்ணு தாண்டிப்போச்சு.

— ஒல்லி டயரு ஜீப்பு! ஆமாட்டி! தடி டயரு சேத்து மேல மெதக்கும். ஒல்லி டயரு அத வெட்டிக்கிட்டு அடித்தரைய எட்டிப் பிடிக்கும். பனின்னா என்ன, வெள்ளைச் சேறு. தங்கம்! வித்தும் தின்னல, நொடிச்சும் போகல. மழைக்குக் குடை எடுக்குத மாதிரி, பனிக்குன்னு தனியா ஒரு செட்டு சக்கரம் வாங்கி வச்சிருக்கான். பனி போனா அந்தப் பெரிய சக்கரம் திரும்பி வரும். அடடா, நல்ல பையன சந்தேகப்பட்டுட்டேனே!

— அப்ப ஆள் அனுப்ப வேண்டாமா?

— ஆள் அனுப்பு. இன்னும் ரெண்டு படி பால் வாங்கியாரச் சொல்லு. அவிய ஸ்ரீவில்லிபுத்தூருக்காரவ, பால்கோவா தின்னு வளந்த நாக்கு. காப்பியாவது கெட்டியா இருக்கணும்.

— மாரியாத்தா, கண்ணத் தொறந்துட்ட. சரி, உங்க அப்பா எறங்கிட்டாரு. இனி நீ சொல்லு ஜெயா. அஞ்சு மணி பஸ்ஸுக்கு வந்துருவாவ. வந்தவியகிட்ட நான் என்ன பதில் சொல்ல?

— செத்த இரும்மா.

— ஒரு மாசம் இருந்தாச்சு! இன்னும் என்ன செத்த? போட்டோவுக்குள்ள தலைய விட்டுட்டு நிக்கா. ஏட்டி, என்ன சிரிக்க? எதுக்குச் சிரிக்க?

— அப்பா, டிராக்டருக்குப் பின்னால நின்னு பாத்தா, டயர்ல அம்பு எந்தப் பக்கம் பாக்கும்?

— மேல பாக்கும். இது என்ன கேள்வி?

— இந்த டயர்லயும் அம்பு அம்பாத்தான வெட்டியிருக்கு? போட்டோ பின்பக்கத்து மூலையில நின்னு எடுத்தது. ரெண்டு பின்சக்கரமும் தெரியுது. அம்பு எங்க பாக்குன்னு பாருங்க.

— குடு... கீழ. இதுவும் கீழ. அடப்பாவி! இடதுபக்கச் சக்கரத்த வலதுல மாட்டி, வலதுபக்கச் சக்கரத்த இடதுல மாட்டியிருக்கான்!

— ஐயையோ, சக்கரம் கழண்டுருமாங்க?

— கழலாது. ஓடும். ஆனா பிடிக்க வேண்டிய பிடி பிடிக்காது. இம்புட்டும் யோசிச்சு வாங்குனவன், கடைசியில திருப்பி மாட்டிட்டு ஈன்னு சிரிச்சுக்கிட்டு நிக்கான்! கூலிக்குப் பயந்துட்டானோ? ஒரு மெக்கானிக்கு மாட்டியிருந்தா இப்படி ஆகியிருக்காது.

— கூலிக்கு இல்லப்பா. கையப் பாருங்க. முழங்கை வரைக்கும் கிரீஸு மசி. மூக்குலயும் அப்பியிருக்கு. வாழ்க்கையில மொத தடவை சக்கரம் மாட்டியிருக்காரு. அதத்தான் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காரு. கல்யாண போட்டோவுலகூட மனுசன் இப்படிச் சிரிக்கமாட்டாரு.

— தெரியாதுன்னா யாரையாச்சும் கேக்கணும்.

— கேக்க அங்க யாரு இருக்கா?

— எல்லாம் தெரிஞ்ச பையன்னுல நான் நெனச்சேன்.

— நானும் அப்படித்தாம்பா நெனச்சேன்.

— வேண்டாங்க. சக்கரம் மாட்டத் தெரியாதவன் எம்பிள்ளைய அந்தப் பனியில எங்க கொண்டுபோயி வழுக்கிவிடுவானோ? நீங்க மொத சொன்னதுதான் சரி. ஆள் அனுப்பி வரவேண்டாம்னு சொல்லிருவோம்.

— ஏ தங்கம், செத்த முன்னாடிதான் மாரியாத்தாவக் கும்பிட்ட.

— அப்ப சக்கரம் நேரா இருந்துச்சு!

— ஆள் அனுப்பாதம்மா. வரட்டும். அந்த மாம்பழக் கலர் பட்ட எடுத்து வை, நான் குளிச்சிட்டு வாரேன்.

— என்னட்டி சொல்லுத?

— பூ வச்சு முடிச்சதும் சுயம்புலிங்கம் மாமாகிட்ட ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்கப்பா.

— என்னன்னு?

— நான் வந்து சேருத வரைக்கும் அவர வண்டிய மெதுவா ஓட்டச் சொல்லுங்க.