இரண்டாவது படம்

மென்பொருளைச் சோதிக்கிற டெஸ்ட் எல்லாம் பச்சையாக, அதாவது பாஸாகி வந்தால், எங்கள் அலுவலகத்தில் கைதட்டுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்காது. தானே கேள்வி போட்டு, தானே பதில் எழுதி, தானே நூற்றுக்கு நூறு போட்டுக்கொள்வதற்குக் கைதட்டல் எதற்கு? விசாரிப்பது உங்கள் தொழில், உங்களுக்குப் புரியும்.

எங்கள் மென்பொருள் ஓடுவது ஓர் ஆஸ்பத்திரியில். ஸ்கேன் பார்க்கும் டாக்டர், ஷெல் என்கிற கறுப்புத் திரையில் நோயாளியின் எண்ணைத் தட்டுவார். பக்கத்திலேயே படம் திறக்கும். படத்தைத் திறந்து காட்டுகிற அந்தத் துண்டுக்கு ஹேண்ட்லர் என்று பெயர். அதை எழுதியவர் என் தங்கையின் கணவர், எனக்கு மேலதிகாரியும் அவர்தான். பேச்சில் புலி. வேலையைப் பற்றி நான் சொல்லாமல் இருப்பது மரியாதை.

சோதிப்பது என் பொறுப்பு. மற்றவர்கள் ஒரு படத்தைத் திறந்து பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். டாக்டர் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பார் என்று யோசிக்க அங்கே ஒருவருக்கும் மண்டையில் இடமில்லை. நான் இரண்டு படங்களைத் தொடர்ந்து கொடுத்தேன், இரண்டாவதை வேண்டுமென்றே கெடுத்து வைத்து. திறக்க முடியவில்லை என்று ஹேண்ட்லர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மேலே புது எண்ணைப் போட்டுவிட்டு, கீழே முந்தைய ஆளின் படத்தை அப்படியே விட்டுவைத்தது. டெஸ்ட் சிவப்பாக விழுந்தது.

கூட்டத்தில் சொன்னேன். மாப்பிள்ளை சிரித்தார். "கெட்டுப்போன படத்தை யாரு மச்சான் அனுப்பப்போறாங்க? ஹேண்ட்லர் நல்லாத்தான் இருக்கு. உங்க டெஸ்ட்டைச் சரி பண்ணுங்க." கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். தலையாட்டுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள், சிரிக்காமல் என்ன செய்வார்கள்.

சரி பண்ணினேன். நிஜத் திரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒப்புக்கு ஒரு பொம்மைத் திரையை வைத்தேன். எதைக் கொடுத்தாலும் 'காட்டியாச்சு' என்று சொல்லும். உடனே பச்சை. மாப்பிள்ளை என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கொஞ்ச நாளில் தங்கைக்கு இருமல் வந்து நிற்கவே இல்லை. அதே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். போனில் சொன்னாள்: "படம் சுத்தமா இருக்காம் அண்ணா. நான்தான் வீணா பயந்துட்டேன்."

யார் எதைச் சொன்னாலும் சரிபார்ப்பது எனக்குப் பழக்கதோஷம். ஆஸ்பத்திரி கணினிக்குள் போய்ப் பார்க்க எனக்கு அனுமதி உண்டு. பார்த்தேன். புதிதாக வாங்கிய ஸ்கேன் மெஷினின் படங்கள் சிலவற்றை எங்கள் ஹேண்ட்லருக்குத் திறக்கத் தெரியவில்லை. டாக்டர் பார்த்தது அவளுக்கு முன்னால் வந்தவரின் நுரையீரல். அவளுடையதை வேறொரு மென்பொருளில் திறந்தேன். அதில் இருந்த கட்டியைப் பார்க்க டாக்டர் படிப்பு தேவைப்படவில்லை. மூடிவிட்டேன். அவளைப்போல வேறு சிலரும் இருந்தார்கள், அவர்களை எனக்குப் பழக்கமில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்லியிருந்தால் மாப்பிள்ளை மத்தியானத்துக்குள் நாலு வரியை மாற்றி, 'சின்னப் பிரச்சினை, பார்த்தாச்சு' என்று பூசி மெழுகியிருப்பார். அதற்கும் ஒரு கைதட்டல் விழுந்திருக்கும். அவர் மண்டையில் உறைக்க வேண்டுமென்றால் விஷயம் கொஞ்சம் பெரிதாக வேண்டியிருந்தது. பொறுமையாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் போய்ப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க மெலிந்துகொண்டே வந்தாள். ஒருமுறை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இன்னொரு தடவை ஸ்கேன் எடுத்துடலாமா அண்ணா? இவர் வேண்டாங்கறார். நீ சொன்னா எடுக்கறேன்."

"மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன். அவர் பெருமையாகத் தலையாட்டினார்.

அவளைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போன அன்று மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதல் படம், இரண்டாவது படம், கீழே ஏன் பழையதே நின்றது என்று எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினேன். நான் திறந்து பார்த்ததையும் சொன்னேன். அவர்தான் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிட்டார். ஆனால் என் டெஸ்ட் சரியென்று இன்றுவரை அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. தங்கை இருந்திருந்தால் அவருக்கு எடுத்துச் சொல்லியிருப்பாள். அந்த வீட்டில் என் பக்கம் பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.