அலமாரித் தாளுக்கு அடியில்

“நீதான்டி போட்டுக் கொடுத்தே! பேங்க்காரன்கிட்ட வேற யார் சொல்லுவா?”

“நானா? குடியிருக்கிற வீட்டுக்கே கொள்ளி வைக்க எனக்கென்ன பைத்தியமா?”

நர்ஸும், அவள் வீட்டில் வாடகைக்கு இருந்த தையல்காரியும் வாசலில் இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது, இருவருக்கும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான். பக்கத்து வீடு. சண்டை என்றால் தொண்டை வறளும்.

கணவனின் சிகிச்சைக்காக நர்ஸ் தன் வீட்டின் மேல் கடன் வாங்கியிருந்தாள். வீட்டுச் சொந்தக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பது வங்கியின் நிபந்தனை. கணவருக்குப் படுக்கையே கதி என்றானதும், ஆஸ்பத்திரி அருகே ஓர் அறைக்குப் போய்விட்டு, வீட்டைச் சத்தமில்லாமல் வாடகைக்கு விட்டாள். தவணையே அந்த வாடகையில்தான்.

“யாராவது கேட்டா நாங்க இங்கதான் இருக்கோம்னு சொல்லிடுங்கக்கா. தபாலை வாங்கி வைங்க” என்றாள்.

மூன்று மாதம் அப்படியே சொன்னேன். நாலாம் மாதம் வந்த வங்கிக்காரர் நின்று பேசுகிற மனிதர். எனக்கோ வாய் சும்மா இராது. பேச்சுவாக்கில் வாடகை விஷயம் வந்துவிட்டது. அதுவரை வெறும் வாய்க்கொழுப்பு.

பிறகு நர்ஸ் பேருக்கு வங்கியிலிருந்து கடிதம் வந்தது. பிரித்தது பழக்கதோஷம். முப்பது நாளுக்குள் காரணம் எழுதிக் கேட்டால் வாடகைக்கு விட அனுமதி உண்டு. தவறினால் முழுக் கடனையும் உடனே கட்ட வேண்டும்.

அப்போதுதான் என் ஒரே மகளுக்கு வரன் அமைந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால் கூப்பிட்ட குரலுக்கு வருவாளே என்று மனதில் ஓடியது. எந்தத் தாய்க்கும் ஓடும்.

நர்ஸ் தபால் வாங்க வந்தாள். மின்கட்டண ரசீதைக் கொடுத்தேன். கடிதம் அலமாரியில் விரித்த தாளுக்கு அடியில் இருந்தது. அதே அலமாரியில் சாய்ந்துகொண்டு டீ குடித்தாள்.

“அவர் இன்னிக்கு நாலடி நடந்தார்க்கா.”

கெடுவுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

வீடு ஏலத்துக்கு வந்தது, நாங்கள் எடுத்தோம். தையல்காரி பழியைச் சுமந்துகொண்டு வேறு தெருவுக்குப் போனாள். நர்ஸ் போகும்போது என் கையைப் பிடித்து, “இந்தத் தெருவிலே நீங்க ஒருத்தர்தான்க்கா மனுஷி” என்றாள். அழுகிறவளிடம் எதிர்த்துப் பேசலாமா?

கடிதத்தை நான் கிழிக்கவில்லை. பிறர் தபாலைக் கிழிப்பது தப்பு.

கல்யாணம் முடிந்து மகள் அங்கேதான் குடிவந்தாள். போன மாதம் என் அலமாரிக்குப் புதுத் தாள் விரித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து இந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறாள். தூசி வருகிறதாக்கும்.