இடது காலுக்கு எடுத்த அளவு

அளவு எடுக்காமல் நான் ஒரு கம்பியைக்கூட அறுத்ததில்லை. நாற்பத்தாறு வருஷமாக லேத்து ஓட்டுகிறேன். பாப்பாரப்பட்டியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ராஜப்பன் பட்டறைக்குப் போனால் திட்டு விழும், நாலு நாள் தாமதமாகும், ஆனால் செய்து கொடுத்த சாமான் திரும்பி வராது என்பார்கள்.

ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துப் படியுங்கள். என்னை யாரும் விசாரிக்கவில்லை. போலீஸ்காரனும் வரவில்லை, ஜெபசபைக்காரனும் கேட்கவில்லை. மாதவராஜின் இடது கால் சர்க்கரையால் போயிற்று என்றுதான் ஊர் பேசுகிறது. டாக்டரும் அதையே எழுதிக் கொடுத்தார். டாக்டர் எழுதுவதை நான் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை. இதையும் நம்பவில்லை. அதான் நானே எழுதி வைக்கிறேன்.

மாதவராஜ் பெங்களூரில் முப்பது வருஷம் ஆர்க்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசித்தவன். மடியில் படுக்கப் போட்டு, இரும்பு உருளையால் தேய்த்து வாசிப்பானே, அந்தக் கிட்டார். வயசானதும் அவனும் அவன் பொண்டாட்டி சகாயமேரியும் இங்கேயே வீடு கட்டி வந்துவிட்டார்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடி மாசம், ஒரு குட்டி யானை வண்டியில் ஒரு சாமானை ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். பார்த்தால் மேஜை மாதிரி இருந்தது. மேலே பத்துக் கம்பி. அடியில் வெறும் ஓட்டைகள்.

"ராஜப்பண்ணே, இது பெடல் ஸ்டீல் கிட்டாருங்க. பெங்களூருல ஒரு பழைய சாமான் கடையில கெடந்துச்சு. பெடல் எல்லாம் எவனோ கழட்டித் துண்ணுட்டான். நீங்கதான் பண்ணிக் குடுக்கணும்."

"எனக்குப் பாட்டும் தெரியாது கூத்தும் தெரியாது. வேற ஆளப் பாரு."

"பாட்ட நான் பாத்துக்கறேன். மிதிச்சா கம்பி இழுக்கணும், வுட்டா பழையபடி வந்துரணும். அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான் என்றான். எனக்கு ஏழு மாசம் பிடித்தது. ஆனாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். போர்வெல் வண்டிக்கும் டிராக்டருக்கும் புஷ் கடைந்து கடைந்து சலித்துப்போனவனுக்கு, முடி கனம் அளவு தப்பினாலும் அபசுரம் என்று ஒருத்தன் சொல்கிற வேலை கிடைத்தால் விடுவானா.

பெடல் மூன்று. ஏ, பி, சி என்று பேர். இடது காலால் மிதிக்க வேண்டும். வலது கால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க. மூன்றில் ஏ-தான் முக்கியம். அதை மிதித்தால் சுரம் மெதுவாக வழுக்கி மேலே ஏறி அங்கேயே நிற்கும். அழுகிறவள் மூச்சை இழுத்துப் பிடிப்பது மாதிரி இருக்கும். பி எப்போதும் நடுவில். ஏ-வை எந்தக் கோடியில் வைப்பது என்பதில் வெள்ளைக்காரர்களுக்குள்ளேயே ரெண்டு கட்சி. ஒரு கட்சி இடது கோடியில் வைக்கும், இன்னொன்று வலது கோடியில். இடது கோடியில் வைத்தால் பாதத்தைச் சுண்டு விரல் பக்கமாகச் சாய்த்து ஏ-வைப் பிடிக்க வேண்டும். வலது கோடியில் வைத்தால் பெருவிரல் பக்கமாகச் சாய்க்க வேண்டும். வேறு வித்தியாசம் கிடையாது. சத்தம் ஒன்றுதான்.

மாதவராஜ் பெங்களூரில் கூட்டாளி ஒருத்தனின் கிட்டாரில் பழகியது இடது கோடி. அதனால் முதலில் அப்படியே வைத்து, நிரந்தரமாகப் பற்றவைக்காமல் சும்மா புள்ளி வைத்துப் பொருத்திக் கொடுத்தேன். பட்டறையிலேயே உட்கார்ந்து வாசித்துப் பார்த்தான்.

அப்போதுதான் என் வீட்டுக்காரி தீர்த்தம்மாள் டீ கொண்டுவந்தாள்.

அப்போது எங்கள் பையன் குமார் செத்துப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. பைபாஸில் வண்டியோடு லாரிக்கு அடியில் போய்விட்டான். இருபத்து மூன்று வயசு. அவனை எடுத்தபோதுகூடத் தீர்த்தம்மாள் அழவில்லை. அடுத்த நாள் மாட்டுக்குத் தண்ணி காட்டினாள், எனக்குச் சோறு போட்டாள். அவள் கெட்டி என்று நினைத்தேன். அது எனக்கும் வசதியாக இருந்தது.

மாதவராஜ் ஏ-வை மிதித்துப் பிடித்தான். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே அவள் இரும்புத் துண்டுக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். நான் கிளாஸை வாங்கி லேத்து மேல் வைத்தேன். அவன் நிறுத்தினான்.

"நிறுத்தாதீங்க" என்றாள். என்னிடம் இல்லை, அவனிடம்.

வாசித்து முடித்த பிறகு அவனிடமே சொன்னாள். "அன்னிக்கு எம்மவன் ஒரு வாய்கூடத் துண்ணாம போனானுங்க. பட்டறைக்கு வரமாட்டேன்னான், இவுரு கைய நீட்டிட்டாரு. பொழுதோட வருவான்னு தட்டை மூடி வெச்சிருந்தேன். மூணு நாளு அப்படியே கெடந்துச்சு."

நான் அடித்தது எனக்குத் தெரியும். அந்தத் தட்டு எனக்குத் தெரியாது. பதினொரு வருஷம் என்னோடு ஒரே கூரைக்குக் கீழே படுத்தவள் என்னிடம் சொல்லாததை, டீ கொடுக்க வந்த இடத்தில் ஒரு பாட்டுக்காரனிடம் சொன்னாள். அவன் என்ன செய்தான் தெரியுமா? தலையைக் குனிந்து, "நான் ஜெபம் பண்றேன்மா" என்றான். என்னைப் பார்த்தான். இரக்கமாகப் பார்த்தான்.

தப்பாக நினைக்காதீர்கள். அவர்களுக்குள் வேறு எதுவும் கிடையாது. அப்படிப் பேசுகிறவன் வாயில் நானே மண்ணைப் போடுவேன். பொறாமைப்படுகிற வயசும் எனக்கு இல்லை.

அந்த வாரத்திலிருந்து தீர்த்தம்மாள் ஞாயிற்றுக்கிழமை மாதவராஜ் வாசிக்கிற ஜெபசபைக்குப் போக ஆரம்பித்தாள். எங்கள் சாமியை அவள் விட்டுவிடவில்லை, வெள்ளிக்கிழமை விளக்கும் ஏற்றுவாள். கேட்டால் பாட்டு கேட்கத்தான் போறேன் என்றாள். நானும் ஒரு நாள் பின்னாலேயே போய், செருப்பெல்லாம் கழற்றிப் போட்டிருக்கும் தகரக் கொட்டகையில் நின்று பார்த்தேன். முன் பாயில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சுற்றிலும் பொம்பளைகள் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்கள். எல்லார் காதுக்கும் அந்தத் தட்டுக் கதை போயிருக்கும். யார் கை நீட்டினது என்பதும் போயிருக்கும்.

அங்கே இன்னொன்றும் பார்த்தேன். சபைக்குள் யாரும் செருப்பு போடமாட்டார்கள், மாதவராஜும்தான். பெங்களூர் மேடையில் ஷூ போட்டு வாசித்தவன் இங்கே வெறுங்காலால் மிதிக்கிறான். சாக்ஸாவது போட்டுக்கொள் என்று சகாயமேரி எத்தனையோ தடவை சொன்னாளாம். கர்த்தருக்கு முன்னால் எதற்கு என்பானாம்.

தை பிறந்ததும் நிரந்தரமாகப் பற்றவைக்கக் கிட்டாரைத் திரும்பக் கொண்டுவந்தான். நான் அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, தகரத்தின்மேல் இடது பாதத்தை வைக்கச் சொல்லி, சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டேன். பிறகு பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே, சதை மேடாக இருக்குமே, அங்கே ஒரு கால் ஆணி. நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. பழைய புண் மூடின இடம். கையில் இருந்த மார்க்கிங் ஊசியால் அதைத் தொட்டேன். பிறகு கொஞ்சம் அழுத்தினேன். அவன் சகாயமேரி வைத்த கருவாட்டுக் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான்.

சர்க்கரைக்காரனுக்குப் பாதம் மரத்துப்போகும் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"மாதவராசு, ஏ-வ வலது கோடிக்கு மாத்திரலாம்" என்றேன்.

"ஏண்ணே? பழகினது கெட்டுப்போவுமே."

"வெளிப்பக்கம் சாச்சுச் சாச்சு உன் கணுக்கால் வலிக்குதுன்னு நீதானே சொன்ன. கால் உள்பக்கம் சாயறதுதான் லேசு. முட்டிக்கும் நல்லது. வெள்ளைக்காரன்ல பாதிப் பேரு அப்படித்தான் வெச்சிருக்கான்னு நீயே போன்ல காட்டல?"

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கணுக்காலுக்கு அதுதான் லேசு.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாண்ணே. எங்காலு உங்களுக்குத்தான் தெரியும். நீங்க பாத்து வெச்சா சரி."

வைத்தேன். பெடல் வழுக்கக்கூடாது என்று லாரி பாடிக்குப் போடுகிற வரிபோட்ட தகட்டை வெட்டி மேலே ஒட்டினேன். அதன் ஓரத்துக்கு அரம் போட்டுக் கூரை மழுக்கவில்லை. நாற்பத்தாறு வருஷத்தில் ஓரத்துக்கு அரம் போடாமல் பட்டறையை விட்டு வெளியே அனுப்பிய ஒரே சாமான் அதுதான். ஏ-வை இழுக்கிற ஸ்பிரிங்கையும் ஒரு நூல் கெட்டியாக வைத்தேன், அழுத்திப் பிடித்தால்தான் சுரம் நிற்கும்படி. இதெல்லாம் தெரியாமல் செய்ததில்லை. பாதத்தின் கோட்டைத் தகரத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் கறுப்புப் புள்ளி எங்கே வரும் என்று பார்த்து, அதற்கு நேராகத் தகட்டின் ஓரத்தை வைத்தேன்.

அவனைக் கொல்ல நினைக்கவில்லை. வாசிப்பது நின்றால் போதும் என்றுதான் நினைத்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் தீர்த்தம்மாள் ஒரு பாட்டைக் கேட்பாள். மற்றவர்களும் அதையே கேட்பார்கள். அந்தப் பாட்டில் ஏ-வை நெடுநேரம் பிடிக்க வேண்டும். ஜனம் அழ அழ அவன் இன்னும் பிடிப்பான், கண்ணை மூடிக்கொண்டு. நான் செருப்புக் கொட்டகையில் நின்று அவன் காலைப் பார்ப்பேன். பங்குனி வாக்கில் தகட்டில் ஈரம் தெரிந்தது. ஈ உட்கார்ந்தது. அவனுக்கு வலிக்காது என்பதால் அவனுக்குத் தெரியாது.

சகாயமேரிக்குத்தான் முதலில் சந்தேகம். அவள் என் பட்டறைக்கே வந்து கேட்டாள். "அண்ணே, புதுசா மாட்டினதுலேருந்து அவுரு பெருவெரலு கிட்ட தோல் உரியுது. பெடல்ல ஏதாச்சும் குத்துதான்னு பாக்கறீங்களா?"

"புது மிசினும்மா. பழகற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அவள் நம்பினாள். நான் ஆளை நம்பாதவன் என்று ஊருக்கே தெரியும். என்னை எதற்கு இவர்கள் நம்பினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

சித்திரையில் காய்ச்சல். பாதம் கறுத்தது. தர்மபுரிக்குக் கொண்டுபோனார்கள். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முட்டிக்குக் கீழே. ரொட்டியும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு நானும் தீர்த்தம்மாளும் போனோம், பாதத்தை எடுப்பதற்கு முந்தின நாள். நர்சு கட்டைப் பிரித்துக் கழுவும்போது சகாயமேரிக்குத் தலை சுற்றிற்று. தீர்த்தம்மாள்தான் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நெடுநேரம் அதைப் பார்த்தாள். புண்ணுக்குப் பக்கத்தில், மிச்சமிருந்த தோலில், சாய்வாகச் சாய்வாகக் கோடு பதிந்திருந்தது. லாரித் தகட்டு வரி.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் காலிப் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

இப்போது சபையில் கிட்டார் கிடையாது. தீர்த்தம்மாள் அழுவதும் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போகிறாள். பாட்டே இல்லாத இடத்துக்கு எதற்குப் போகிறாய் என்று கேட்டேன். சகாயமேரிக்குத் துணைக்கு என்றாள்.

போன வாரம் மாதவராஜ் வந்தான். ஊன்றுகோல் ரெண்டு, கிட்டார் பின்னால் வண்டியில். முகம் சிறுத்துவிட்டது, சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

"ஒரு காலு போனா என்னண்ணே, இன்னொண்ணு இருக்குதில்ல. பெடலை வலது காலுக்கு மாத்திக் குடுங்க. சத்தம் கூட்டறத அப்புறம் பாத்துக்கலாம். ஏ-வ எந்தக் கோடியில வெக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கிட்டார் இப்போது பட்டறையில் சாக்கு போர்த்திக் கிடக்கிறது.

நேற்று மத்தியானம் சோறு போட்டுவிட்டுத் தீர்த்தம்மாள் எதிரில் உட்கார்ந்தாள். குழம்பை ஊற்றினாள். என் முகத்தைப் பார்க்காமல், கரண்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"இந்தத் தடவ ஓரத்துக்கு அரம் போட்டுக் குடுங்க."

நான் சாப்பிட்டு எழுந்துவிட்டேன். ஏதோ பேச்சுக்குச் சொல்லியிருப்பாள். பட்டறை வேலையைப் பற்றிப் பொம்பளைக்கு என்ன தெரியும். நாளைக்கு மாதவராஜை வரச் சொல்லியிருக்கிறேன். வலது பாதத்தைத் தூக்கிப் பார்க்காமல் நான் எதையும் முடிவு செய்ய முடியாது.