உப்பில்லாத கேமரா

— “கடலின் கர்ஜனைக்கு முன்னால் மனிதன் ஒரு தூசு. அந்தத் தூசு நிமிர்ந்து நின்ற ஒரே ஒரு நொடியை, மரணத்தின் மடியில் நின்று, நான் படம்பிடித்தேன்!” எப்படி இருக்கு?

— அண்ணா, கோட்டுல விலைச்சீட்டு தொங்குது.

— எங்க?

— கக்கத்துல. கையை அப்படி வானத்துக்குத் தூக்காத, முன்வரிசைக்குத் தெரியும். இரு, கத்தரிச்சு விடறேன்.

— வேணாம், வேணாம்! நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும்... பேச்சு எப்படின்னு சொல்லு.

— நல்லா இருக்கு. மரணத்துக்கு எதுக்கு மடி?

— அது ஒரு நயம். உனக்கு ஸ்குரூ முடுக்கத் தெரியும், அதைப் பாரு. அஞ்சு மணிக்கு மேடை. அன்னைக்கு எடுத்த அதே கேமராவைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வரணும்னு விருதுக் குழுவுல சொல்லிட்டாங்க.

— ஒரு வருஷம் பெட்டியில பூட்டி வெச்சுட்டு இன்னைக்குத்தான் கொண்டு வரணுமா? மத்த நாள்ல அலை எடுத்த கையோட என் கடைக்கு ஓடி வருவ. “உப்பு அரிச்சிடும், உடனே துடை, உடனே துடை”ன்னு உயிரை எடுப்ப.

— மச்சான் போன நாள்மா அது. தொட மனசு வரலை.

— ம்... நானும் கேக்கலை.

— மேலாப்புல துடைச்சுக் குடு, போதும். கார் நிக்குது.

— நிக்கட்டும். அந்த அழைப்பிதழ் மேல கையை எடு. “எச்சரிக்கையை மீறி அலையை நெருங்கிய தம் தங்கையின் கணவருடைய இறுதி நொடியை...” இதை யாரு எழுதினா?

— அவங்கதான்... நான் சொன்னதை வெச்சு.

— பாப்பா நேத்து எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டா. “அப்பா சொன்ன பேச்சே கேக்க மாட்டாராம்மா?”ன்னு கேக்கறா.

— குழந்தை. பெரிசானா புரியும்.

— அவ முன்வரிசையில உக்காரப் போறா, அண்ணா. நீ பேசும்போதாவது அந்த ரெண்டு வார்த்தையை விட்டுடு. “எச்சரிக்கையை மீறி”. வேற எதுவும் நான் கேக்கலை.

— அந்த ரெண்டு வார்த்தையிலதான் படமே நிக்குது! அதை எடுத்துட்டா, “ஒருத்தன் சாகறான், நீ கிளிக் பண்ணிட்டிருந்தியா?”ன்னு கேப்பான்.

— கேப்பான்தான்.

— நான் கத்தினேன்மா. துறைமுகத் தடுப்புச்சுவர் நுனியில நின்னு, தொண்டை கிழியக் கத்தினேன். “வராதீங்க மச்சான், போயிடுங்க!”ன்னு. முழங்கால் வரைக்கும் தண்ணி. மூஞ்சியில அலை அடிக்குது. கண்ணைத் திறக்க முடியலை...

— அந்தப் பஞ்சுக்குச்சியை எடு.

— எது? இதா?

— பாரு.

— என்ன பாரு? சுத்தமா இருக்கு.

— அதைத்தான் சொல்றேன். லென்ஸ் வளையத்துக்குள்ள விட்டு மூணு சுத்து சுத்தினேன். உப்பே இல்லை.

— பெட்டி நல்ல பெட்டி.

— பெட்டி உப்பைத் தின்னாது. பதிமூணு வருஷமா உன் கேமராவைப் பிரிக்கறேன். கரையில நூறு அடி தள்ளி நின்னு எடுத்தாலே ஸ்குரூவெல்லாம் வெள்ளையா பூத்திருக்கும். இதுல ஒண்ணுமே இல்லை. அப்புறம் இது... லென்ஸ் மூக்கு ஓரத்துல ஒட்டியிருக்கு பாரு.

— நூலா?

— ஒட்டடை. தடுப்புச்சுவர் நுனியில சிலந்தி வீடு கட்டியிருந்துச்சா அண்ணா?

— உனக்கு இப்ப என்ன வேணும்? கார் நிக்குதுன்னு சொல்றேன்ல!

— கார்டு உள்ளேயே இருக்கு. பேட்டரி போட்டேன்.

— ஏய்... யாரைக் கேட்டுப் போட்ட? அதை அணை!

— பதினோரு படம். நீ பரிசுக்கு அனுப்பினது ஒன்பதாவது. கையைத் தூக்கிட்டு நிக்கறது.

— “பேரலைக்கு மனிதனின் வணக்கம்.” நடுவர்களே சொன்னது.

— வணக்கம் போடலை. முதல் படத்துல இருந்து வரிசையாப் பாரு. இந்தப் பக்கம் பாக்கறாரு. அந்தப் பக்கம் பாக்கறாரு. இதுல ரெண்டு கையையும் வாயில குவிச்சிருக்காரு. யாரையோ கூப்பிடறாரு, அண்ணா. எட்டாவதுல நுனி வரைக்கும் போய் எட்டிப் பாக்கறாரு. அங்க யாருமே இல்லை. நுனியில நின்னேன்னு சொன்னியே, நீயும் இல்லை. எல்லாம் மேல இருந்து எடுத்திருக்கு.

— பாறை மேல... ஏறினேன்.

— அங்க ஏது பாறை?

— மச்சான் அன்னைக்கு அங்க வருவாருன்னு எனக்கு என்ன தெரியும்! அவரை யாரு வரச் சொன்னா? அந்தக் காத்துல, அந்த மழையில, புத்தியுள்ளவன் வருவானா?

— நான்தான் அனுப்பினேன்.

— என்னது?

— ஊரே கேட்டுச்சு, எதுக்குப் போனாருன்னு. தெரியாதுன்னு சொன்னேன். போலீஸ் கேட்டப்பவும் அதையேதான் சொன்னேன். சாப்பிட்டுட்டு இருந்தாரு. “உங்க அண்ணன் வாய் வரைக்கும்தான் வீரன், இந்நேரம் எங்கயாவது பத்திரமா ஒதுங்கியிருப்பான்”னு சிரிச்சாரு. நான்தான் தட்டை இழுத்தேன். “எங்க அண்ணனைக் கூட்டிட்டு வந்துட்டுச் சாப்பிடுங்க”ன்னு தள்ளி விட்டேன்.

— நீ எதுக்குமா...

— இதுக்கு. என் போன்ல இன்னும் இருக்கு. நீ அனுப்பினது, நாலு பத்துக்கு. “தடுப்புச்சுவர் நுனியில் தன்னந்தனியாக நிற்கிறேன். திரும்புவேனா தெரியவில்லை. என் படங்கள் பேசும்.” முதல் படம் எடுத்தது நாலு நாப்பதுக்கு.

— அது... ஒரு உணர்ச்சியில அனுப்பினது. பதினேழு பேருக்கு அனுப்பினேன்.

— பதினாறு பேரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருப்பாங்க. நான் நம்பிட்டேன்.

— எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா. அவரு சுவர் மேல ஏறினதும்தான் பாத்தேன்.

— பாத்துட்டு?

— எடுத்தேன்.

— உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாரா?

— ஆமா.

— கேட்டுச்சா?

— கேட்டுச்சு.

— அப்ப நீ இருந்த இடத்துல இருந்து ஒரு குரல் குடுத்திருந்தா அவருக்கும் கேட்டிருக்கும்.

— ஜன்னல் கண்ணாடி தெறந்துதான் இருந்துச்சு... குடுத்திருக்கலாம். கீழ ஆள் இருந்தாங்க. “நான் சுவர் நுனிக்குப் போறேன், யாரும் பின்னால வராதீங்க”ன்னு அவங்க எல்லார்கிட்டயும் பெரிசாச் சொல்லிட்டு வந்திருந்தேன். கத்தினா ஓடி வந்து பாப்பாங்க.

— எதைப் பாப்பாங்க?

— விடேன்...

— எங்க இருந்த, அண்ணா?

— இதைப் பாப்பாகிட்ட சொல்லாத.

— எங்க இருந்த?

— துறைமுக கேன்டீன் மாடியில. கக்கூஸ்ல. கமோடு மூடி மேல ஏறி நின்னுட்டிருந்தேன்.