ஹால்வரின் கடைசி வார்த்தை

ரயில் இன்று சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. ஹமாரிலிருந்து ஓஸ்லோ வரும் ரயிலில் அது அடிக்கடி நடப்பதில்லை. அதனால் சீக்கிரமே உங்கள் விசாரணை அலுவலகத்துக்கு வந்து கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தேன். வரவேற்பில் இருந்த பெண் காபி கொடுத்தார். நல்ல காபி.

டொம்மெல் கம்பெனியின் பங்குகளை அந்தத் திங்கட்கிழமை காலையில் ஏன் விற்றேன் என்று கேட்கிறீர்கள். வங்கி பின்வாங்கிய செய்தி அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் வெளியே வந்தது, எனக்கு மட்டும் எப்படி முன்பே தெரியும் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஹால்வர் சொன்னான், அதுதான் பதில். ஆனால் ஹால்வர் உயிரோடு இல்லை. எப்போது சொன்னான், எங்கே சொன்னான் என்று அடுத்துக் கேட்பீர்கள். நீங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதைவிட நானே முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆயுள் முழுக்கக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். ஹமாரில் பாதிப் பேர் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஓட்டப் பழகினார்கள். பழகுகிறவர் பதறும்போது நான் பதறக்கூடாது. அந்தத் தொழிலில் வேறு பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் போகவில்லை. யாருக்காவது கை நடுங்கினால் என்னைத்தான் தேடி வருவார்கள்.

சனிக்கிழமை மதியங்களில் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் நாங்கள் நாலு பேர் கூடுவோம். நான், ஹால்வர், தூரா, பஸ் ஓட்டும் ஐவின். நாலு பேரிடமும் டொம்மெல் பங்கு இருந்தது. ரகசிய எண் வேண்டாம், அட்டையின் மேல் கட்டைவிரலை வைத்தால் போதும் என்று ஒரு வங்கி அட்டை செய்துகொண்டிருந்த கம்பெனி அது. வருடாவருடம் அடுத்த வருடம் லாபம் என்பார்கள். பங்குதாரர் கூட்டத்தில் எல்லோருக்கும் ஆளுக்கொரு மாதிரி அட்டை கொடுத்தார்கள். விரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும். ஐவின் வீட்டுக்குப் போய்த் தன் நாயின் மூக்கை வைத்துப் பார்த்திருக்கிறான். அதற்கும் எரிந்தது.

"நம்ம கம்பெனிக்கு யார் மேலயும் சந்தேகமே கிடையாதுப்பா," என்றான் என்னிடம். "வெளிய குளிர் மைனஸ் பதினொண்ணு டிகிரி. அதுவாவது ஏப்ரல்ல ஏறும். நம்ம பங்கு எப்ப ஏறும்னு சொல்லு, ஸ்டெய்னார்."

"சிரிக்காத ஐவின்," என்றாள் தூரா. "நான் மலை வீட்டை வித்து இதுல போட்டிருக்கேன்."

அவள் புருஷன் தன் கையால் கட்டிய மர வீடு அது. அவன் இறந்துபோன பிறகு விற்றாள். என்னிடம் யோசனை கேட்டபோது நான் விற்கச் சொல்லவில்லை, விற்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நிதானமாக யோசி என்றேன். அந்தக் குளிர்காலத்தில் அவளும் ஹால்வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து சமைத்துச் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அதை யாரும் வெளிப்படையாகப் பேசவில்லை. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. கேட்பீர்களோ என்று சொல்கிறேன்.

எங்கள் நம்பிக்கையெல்லாம் ஒரே ஒரு வங்கியின் மேல். அவர்கள் அட்டையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வசந்தத்தில் பெரிய ஆர்டர் வரும் என்று பேச்சு.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஹால்வரும் நானும் ம்யோசா ஏரிக்குப் போனோம். உறைந்த ஏரியின் பனியில் துளை போட்டு மீன் பிடிப்பது எங்கள் பழைய பழக்கம். அவன் பள்ளியில் தச்சு வேலை சொல்லிக்கொடுத்தவன். கையில் நிதானம் உண்டு, காலில் கிடையாது. எங்கே பனி மெலிந்திருக்கிறது என்று பார்க்காமல் நடப்பான். அதனால் கயிறு எப்போதும் என் பையில்தான் இருக்கும்.

துளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடும்போது சொன்னான். அவன் மருமகள் அந்த வங்கியில் வேலை செய்கிறாள். சோதனையை நிறுத்திவிட்டார்கள், ஆர்டர் கிடையாது.

"வாய் தவறிச் சொல்லிட்டா, பாவம். அழுதா," என்றான். "இன்னிக்கு மதியம் நம்மாளுங்ககிட்ட சொல்லிடப் போறேன். இன்டர்நெட்ல பங்குதாரர்களுக்குன்னு இருக்கற குழுவிலயும் போட்டுடுவேன். எல்லாருக்கும் ஒரே நேரத்துல தெரியட்டும்."

"நீ வித்துட்டியா?"

"தெரிஞ்சுக்கிட்டு எப்படிடா விக்கறது? வாங்கறவன் தலையில கட்டறதா? நான் வச்சுக்கிட்டே மூழ்கறேன். ஆனா தூராவுக்குத் தெரியணும்."

"ரெண்டு நாள் பொறு," என்றேன்.

"எதுக்கு?"

நான் மிச்ச ரொட்டியை மடித்துப் பையில் வைத்தேன். பங்குச் சந்தை திங்கட்கிழமைதான் திறக்கும். அன்று மதியமே எல்லோருக்கும் தெரிந்தால், திங்கள் காலை எல்லோரும் ஒரே வாசலில் முட்டிக்கொள்வார்கள். விற்க ஆயிரம் பேர், வாங்க ஒருவரும் இல்லை. கம்பெனி அன்றே செத்துவிடும். கொஞ்சம் அவகாசம் கிடைத்தால் வேறொரு வங்கி வரலாம். அவன் செய்யவிருந்தது நேர்மையான காரியம்தான். ஆனால் வேகமான காரியம். வேகத்தால் அடிபட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

திரும்பும்போது அவன் முன்னால் நடந்தான். ஓடை வந்து ஏரியில் கலக்கும் இடத்தில் பனி எப்போதும் பலவீனம். பின்னால் வந்த எனக்கு அதன் கறுத்த நிறம் தெரிந்தது. சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பனி உடைந்து அவன் தண்ணீருக்குள் போய்விட்டான். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை.

நான் உடனே குப்புறப் படுத்தேன். அப்படித்தான் செய்ய வேண்டும். கயிற்றை எடுத்து எறிந்தேன். எறிந்தது நான்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வீச்சிலேயே அவன் பிடித்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான். மறுமுனை என் கையில். பனியின் விளிம்பில் மார்பை ஏற்றப் பார்த்தான், அது உடைந்தது. மறுபடி பார்த்தான்.

"இழு, ஸ்டெய்னார்."

"பதறாத," என்றேன். "மெதுவா மூச்சு விடு. ஹால்வர், இன்னிக்குச் சொல்ல வேணாம். செவ்வாய்க்கிழமை சொல்லிக்கலாம். சரியா?"

அவன் முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்தது.

"சரி," என்றான். "சொல்லமாட்டேன். யார்கிட்டயும் சொல்லமாட்டேன். இழு."

அதை யோசித்துப் பார்த்தேன். நீங்களும் யோசித்துப் பாருங்கள். அந்த நிலைமையில் இருக்கும் ஒரு மனிதன் எதற்குத்தான் சரி என்று சொல்லமாட்டான்? கரைக்கு வந்து, காய்ந்த துணி போட்டு, சூடாக எதையாவது குடித்ததும் அவன் பழைய ஹால்வர் ஆகிவிடுவான். அவனை எனக்குத் தெரியும். மதியம் பேக்கரியில் முதல் வேலையாகச் சொல்லியிருப்பான். இப்போது இதையும் சேர்த்துச் சொல்லியிருப்பான். அந்த வாக்கை வைத்துக்கொண்டு நான் எந்த முடிவுக்கும் வந்திருக்க முடியாது.

"விட்டுடாதே," என்றான். என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். "ஸ்டெய்னார், விட்டுடாதே."

நான் விரல்களைத் திறந்தேன். கயிற்றை வெட்டவில்லை, தள்ளவில்லை. கயிறு பனியின் மேல் ஒரு கோடு மாதிரி போனது. அவன் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் இருந்தான். நாம் நினைப்பதைவிட அதிக நேரம் இருந்தான். நான் எழுந்து போகவில்லை. அவன் தனியாக இருப்பது சரியில்லை என்று பட்டது. கடைசி வரை அங்கேயே படுத்திருந்தேன். என் கோட்டு நனைந்து உறைந்துபோனது. பிறகு போன் செய்தேன்.

மீட்புக் குழுவினர் வந்தார்கள். கயிறு எறிந்தேன், பிடித்தான், பிடி நிற்கவில்லை என்று சொன்னேன். அவர்களில் ஒருவன் என்னிடம் ஓட்டப் பழகியவன். என் தோளில் கம்பளியைப் போர்த்திவிட்டு, உங்களால முடிஞ்சதைச் செஞ்சீங்க என்றான். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படம் எடுக்கக் கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தூரா வீட்டுக்குப் போனேன். ஐவினும் இருந்தான். அடுப்பில் ஆட்டுக்கறியும் முட்டைக்கோஸும் கொதித்துக்கொண்டிருந்தன. இரண்டு பேருக்கான அளவு. பழக்கத்தில் வைத்துவிட்டு அணைக்க மறந்திருந்தாள் போல.

"கடைசியா ஏதாவது சொன்னானா?" என்று கேட்டாள்.

"விட்டுடாதேன்னு சொன்னான்."

அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். "காலையில வாசல்ல நிக்கும்போது, கம்பெனியைப் பத்தி மதியம் ஒரு விஷயம் சொல்றேன்னு சொன்னான்," என்றாள். "இதுதான் போல இருக்கு. விட்டுடாதேன்னு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஐவின் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நாம விடமாட்டோம் தூரா," என்றான்.

திங்கட்கிழமை காலை என்னிடம் இருந்த அத்தனையையும் விற்றேன். விஷயம் தெரிந்த பிறகும் வைத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை. என் ஒருவன் பங்கால் கம்பெனி சாகப்போவதும் இல்லை. அதே காலை தூரா தன்னிடம் மிச்சம் இருந்ததைப் போட்டு மேலும் வாங்கினாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. வாங்கு என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை. அவள் வாங்கியவை என்னுடையவைதானா என்று கேட்டால், அதை யாராலும் சொல்ல முடியாது. சந்தையில் விற்பவன் முகம் வாங்குபவருக்குத் தெரிவதில்லை. உங்களால் கண்டுபிடிக்க முடிந்தால் அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மே மாதம் கம்பெனி திவாலானது. தூரா இப்போது தங்கை வீட்டில், பின்பக்கத்து அறையில் இருக்கிறாள். கடிதமோ புகாரோ ஒன்றும் எழுதவில்லை. வாரம் ஒருமுறை நான் போய்ப் பார்க்கிறேன், கடைக்குக் கூட்டிப்போகிறேன். என்னைத் தவிர அவளுக்கு யார் இருக்கிறார்கள்.

ஆக, ஹால்வரை நான்தான் சாகவிட்டேன். கையைத் திறந்தது நான்தான். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போடுகிறேன். அவன் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. யார் மேலும் கிடையாது. நடந்ததை நடந்தபடியேதான் எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன்.

அவன் கஷ்டப்பட்டானா என்று தூரா போன வாரம் கேட்டாள். காரில் போய்க்கொண்டிருந்தோம். இல்லை, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை என்றேன். அவளிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.