விழுந்தாரா, குதித்தாரா?

— சுவர்ல சாயாதம்மா, ஈரம். இப்பத்தான் ரெண்டாவது பூச்சு அடிச்சேன். இந்த வாளியக் கவுத்துப் போட்டு உக்காரு.

— உக்கார வரலண்ணே. போன்ல இருக்கிற இந்தச் செய்தியப் படிச்சுச் சொல்லுங்க.

— என்னயா படிக்கச் சொல்ற? நாப்பது வயசுக்கு மேல எழுத்துக் கூட்டக் கத்துக்கிட்டவன் நான். உன் பொண்ணு படிக்க மாட்டாளா?

— அவ ஆயிரம் தடவ படிச்சுட்டா. எனக்கு உங்க வாயால கேக்கணும்.

— குடு... கண்ணாடிய எங்க வெச்சேன்... "நா... நான்காவது மாடியில்... பெயின்டர்... நடந்தது என்ன? அதிர்ச்சித் தகவல்!"

— நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள இந்தச் சுவரே காஞ்சிடும்ணே.

— கிண்டல் பண்ணாத... "விழுந்தாரா? குதித்தாரா?" அட போங்கடா! இந்தப் படத்தப் பாரு. நாங்க வேல பாத்தது அஞ்சு மாடி. இதுல பதினஞ்சு மாடி நிக்குது. எங்கயோ கெடந்த படத்த எடுத்து ஒட்டிருக்கான்.

— கீழ படிங்க.

— "குடும்பத் தகராறு... காரணமாக இருக்கலாம் என்று... கூறப்படுகிறது." யாரு கூறுனாங்களாம்? போட்டானா? உன் வீட்டுக்காரன் பேரக்கூடப் போடல பாரு. அதிர்ச்சிதான் இருக்கு, தகவலக் காணோம்.

— பேரு போடலன்னா என்ன, தெருவுக்கே தெரிஞ்சு போச்சு. பதினெட்டு நாளா பொண்ணு என் கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்கலண்ணே.

— சின்னப் புள்ள... போகப் போகச் சரியாயிடும்.

— பதிமூணு வயசு சின்னப் புள்ளயா? அன்னைக்குக் காலையில அவ எதிரதான சண்ட போட்டோம்.

— ம்... சாப்பாட்டு டப்பா மூடி.

— மூணாவது மூடி! மனுஷன் எங்கதான் கொண்டுபோய்த் தொலைப்பாரோ...

— டப்பாவுக்கு மேல பிளாஸ்டிக் பையச் சுத்திக்கிட்டு வந்தான். "இன்னைக்கு எனக்கு வாசப்படியிலதான் படுக்கை"ன்னான். கேட்டுட்டுச் சாரம் ஆட ஆடச் சிரிச்சோம்.

— மூடியோட வா, இல்லாட்டி வராதன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டேதாண்ணே சொன்னேன்... இப்ப பொண்ணு அதையே புடிச்சுக்கிட்டா. "நீதான வராதன்ன, அதான் அப்பா வரல"ங்கறா.

— ஐயோ... ஒரு மூடிக்காக எவனாவது குதிப்பானாம்மா?

— நான் சொன்னா எடுபடல. "போன்லயே போட்டிருக்கான், நீ பொய் சொல்ற"ங்கறா. கடைசியில இன்னொரு வரி இருக்கு. அதையும் படிங்க.

— கண்ணு மங்குதும்மா...

— படிங்கண்ணே.

— "காலையிலிருந்தே அவர்... மன உளைச்சலில் இருந்ததாக... அவருக்கு நெருங்கிய வட்டாரங்கள்... தெரிவித்தன."

— நெருங்கிய வட்டாரம்னா யாருண்ணே?

— இந்தா, போனப் புடி. எனக்கு வேல கெடக்கு.

— அந்தச் சண்ட எங்க வீட்ல மூணு பேருக்குத்தான் தெரியும். அவரு வேற யார்கிட்ட சொல்லிருப்பாரு? சாரத்துல அவருகூட நின்னது நீங்க ஒருத்தர்தான.

— வாசல் கேட்டுப் பக்கத்துல செய்திக்காரன் ஒருத்தன் போன நீட்டிக்கிட்டு நின்னான். என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு உசுர வாங்கினான். எனக்குக் கையி காலு ஓடல... "வீட்ல ஏதோ சண்டயாம்"னு வாயில வந்துடுச்சு. அவ்வளவுதாம்மா நான் சொன்னது! உளைச்சல் கிளைச்சல் எல்லாம் அவன் ஜோடிச்சது.

— சிரிச்சுக்கிட்டு வந்த மனுஷன்ணே அவரு.

— ஆமா...

— வேற ஒண்ணுமே உங்க வாயில வரலையா?

— விழுந்துட்டான்னு சொன்னா, எப்படி விழுந்தான்னு கேப்பான்...

— சொல்ல வேண்டியதுதான.

— பின்னாடியே மேஸ்திரி நின்னான். எவனும் வாயத் தெறக்கக் கூடாதுன்னான்.

— இப்ப மேஸ்திரி இல்ல. நீங்களும் நானும்தான் இருக்கோம்.

— கொஞ்சம் தண்ணி குடும்மா.

— இந்தாங்க. குடிச்சுட்டே சொல்லுங்க.

— பெயின்ட் வாளி தூக்குற கயிறு இத்துப் போச்சு. மேஸ்திரிகிட்ட வேற கேட்டா, நாளைக்குத் தரேன்பான். அதனால நாந்தான்... நாங்க நிக்கிற பலகையில, ஒரு முனையில கட்டியிருந்த கயித்த அவுத்து வாளிக்குப் போட்டேன். அவன் டீ குடிக்கக் கீழ போயிருந்தான். வாளிய ஏத்தினதும் திரும்பக் கட்டிடலாம்னு இருந்தேன்.

— கட்டலையா?

— பின்பக்கச் சுவர்லேருந்து கூப்பிட்டாங்க, போயிட்டேன். பலக ஞாபகமே இல்ல. அவன் ஏறி வந்து, எப்பவும் போல அந்த முனையில கால வெச்சான்... அவன் குதிக்கலம்மா. கால் வழுக்கவும் இல்ல. நான் கட்டியிருப்பேன்னு நம்பி வெச்சான்.

— தெரியும்ணே.

— என்ன தெரியும்?

— ஆஸ்பத்திரிக்கு நான் ஓடிப் போனப்ப அவருக்கு நெனவு இருந்துச்சு. "பலகயக் கட்ட மறந்துட்டான். வெளிய சொல்லிடாத, புள்ளகுட்டிக்காரன், உள்ள போயிடுவான்"னாரு. அவரு பேசினதுல அதுதான் கடைசி. அதனாலதான் பொண்ணு என்னக் கொலகாரி மாதிரிப் பாக்கறப்பகூட வாயத் தெறக்கல. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பதினெட்டு நாளா வாசலப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்... ஊருக்குச் சொல்ல வேணாம்ணே, அவ ஒருத்திகிட்ட சொல்லுங்க. கையக் கழுவிக்கிட்டுக் கெளம்புங்க, பள்ளிக்கூடம் விடுற நேரம்.